கழுந்தையும் சேர்த்து மறுபடி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கக் 'கிராஃப்ட்ஸ்மன்' பாணி மரச்சாமான்கள் இன்றைய வீடுகளுக்காக மறுபடி செய்யப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு மரத்தின் மீது உண்மையான அன்பு இருக்கிறது. ஆனால், அந்தச் சாமான்களை 'இயந்திரம் தொடாத கைவேலை' என்று சொல்லியிருப்பது சரியல்ல.

அந்தப் பாணியைப் பரப்பிய கஸ்டாவ் ஸ்டிக்லிக்கு, நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரை ஒட்டிய ஈஸ்ட்வுட்டில் இருந்த பட்டறையில் இயந்திரங்கள் ஓடின. அலுப்பூட்டும் அறுப்பையும் இழைப்பையும் இயந்திரம் செய்யட்டும், ஆளுடைய கவனம் பொருத்துவதிலும் முடிப்பதிலும் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அவருக்கு வழிகாட்டியான இங்கிலாந்தின் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ், சாதாரண மக்களுக்காக என்று கனவு கண்டு செய்த பொருள்களைப் பணக்காரர்களால்தான் வாங்க முடிந்தது. அந்த வருத்தத்திலிருந்து ஸ்டிக்லி பாடம் கற்றார். அவர் ஒப்புக்கொள்ளாதது ஒன்றே ஒன்று: கட்டமைப்பை மறைக்கும் அலங்காரம்.

நாற்காலியின் கைப்பலகையில் துளையிட்டு, காலின் நுனியைக் கழுந்தாக, அதாவது துளைக்குள் நுழைந்து பொருந்தும் நாக்காக, செதுக்கி அந்தத் துளை வழியே மேலே வரவிடுவார்கள். மேசையின் குறுக்குச் சட்டம் பக்கப்பலகையைத் துளைத்து வெளியே நீண்டிருக்கும். அதன் குறுக்கே ஒரு மர ஆப்பு இறங்கி இறுக்கும். அந்தச் சாமான்களில் அழகாக நமக்குத் தெரிவதெல்லாம் பாரம் தாங்கும் இடங்கள்தான். வேறு பூ வேலையோ கொடி வேலையோ கிடையாது என்றே சொல்லலாம். (வடிவமைப்பாளர் ஹார்வி எல்லிஸ் 1903இல் சில மாதங்கள் அங்கே வரைந்த, மரத்தில் பதிக்கும் வேலைப்பாடுகள் தனி அழகு, அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு கடையில் 'மிஷன் பாணி' (இந்தப் பாணிக்குக் கடைகளில் வழங்கும் பெயர்) என்று எழுதியிருந்த புத்தக அலமாரி ஒன்றை வாங்கினேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கழுந்துகள் வெளியே தெரிந்தன; அவற்றைப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டாவது குளிர்காலத்தில், வீட்டுச் சூட்டடுப்பின் வறட்சியில், ஒரு கழுந்து தரையில் விழுந்து கிடந்தது. விரல் கனமுள்ள வெறும் கட்டை. பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அது விழுந்த இடத்தில் துளையே இல்லை. பலகைகளை உள்ளே திருகாணிகள் தாங்கிக்கொண்டிருந்தன. திருகாணி போட்டதில் எனக்குக் குறை இல்லை. தாங்காத ஒன்றைத் தாங்குவதாகக் காட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மரத்திலும் இதே கதைதான். அந்நாளில் வெள்ளை ஓக் மரத்தை நான்காகப் பிளந்து, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்களின் போக்கில் அறுத்தார்கள். இப்படி அறுத்தால் சேதாரம் அதிகம். ஆனாலும் பலகை எளிதில் வளையாது, முகத்தில் புலிவரி போலப் பளபளப்பான கோடுகள் எழும்பும். அந்த வரி காலின் நான்கு முகத்திலும் தெரிய வேண்டும் என்பதற்காக, கஸ்டாவின் தம்பி லியோபோல்டின் பட்டறை நான்கு துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக் கால் செய்தது. பழுப்பு நிறமும் மேலே பூசிய சாயம் மட்டுமல்ல. அடைத்த அறைக்குள் அம்மோனியா ஆவி பட்டு, ஓக்கிலுள்ள துவர்ப்புப் பொருள் தானே கறுத்ததால் வந்தது அது. இன்று மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் மேல் அந்த வரியை அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

பழைய சாமான்களின் மறுபதிப்புக்கு நான் எதிரானவன் அல்லன். கஸ்டாவின் நிறுவனம் 1915இல் திவாலானது. தம்பிகளின் நிறுவனம் பிழைத்துக் கிடந்தது. 1974இல் அதை வாங்கிய ஆடி தம்பதி, 1989இல் மிஷன் வரிசையை மறுபடி கொண்டுவந்திருக்காவிட்டால் என்னைப் போன்றவர்கள் இவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கவே முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கஸ்டாவின் சொந்த வீட்டிலிருந்த ஒரு பக்க அலமாரியைப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்திருந்தார். பழைய அசல் இனி அருங்காட்சியகங்களுக்கும் செல்வந்தர்களுக்கும்தான்.

அளவை மாற்றுவதிலும் எனக்கு மறுப்பில்லை. அன்றைய கட்டில் இன்றைய மெத்தைக்குக் காணாது, அகலப்படுத்தட்டும். மேசையில் மின்கம்பி போக வழி விடட்டும். கழுந்து மட்டும் கழுந்தாக இருக்க வேண்டும். அதைச் செய்ய இயலாத விலையென்றால் வெளியே தெரியாத எளிய இணைப்பு போதும், அதில் பொய் இல்லை.

விலைக்கும் ஸ்டிக்லியிடமே ஒரு வழி இருந்தது. 1901 முதல் 1916 வரை வந்த 'தி கிராஃப்ட்ஸ்மன்' இதழில், தாம் விற்கும் வகைச் சாமான்களை வாசகர்கள் வீட்டிலேயே செய்துகொள்ள அளவுகளோடு வரைபடங்கள் வெளியிட்டார். இன்று மறுபதிப்புச் செய்பவர்கள் ஒரு சிறு முக்காலிக்காவது அப்படி வரைபடம் தரலாமே. உங்கள் இதழ் அதை முதலில் வெளியிட்டால், செய்து பார்க்கும் முதல் ஆள் நான்தான்.

நியூ ஜெர்சியின் இந்தப் பகுதியில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பார்சிப்பனியில் ஸ்டிக்லி கட்டி வாழ்ந்த மரவீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கடைக்குப் போகுமுன் ஒருமுறை அங்கே போய்வாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அலமாரியை முன்னால் நின்று படமெடுக்க வேண்டாம். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, இணைப்பு தெரியும் அதன் மூலையைப் படமெடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி