ரிப்போர்ட் வந்துவிட்டது, பயப்படாதே

அன்பின் சிநேகிதிக்கு,

நீ அனுப்பிய மூன்று வொயிஸ் மெசேஜையும் கேட்டேன். மூன்றிலும் ஒரே கேள்விதான், எத்தனையாவது ஸ்டேஜ் என்று. கடைசி மெசேஜில் பாதியிலேயே அழுதுவிட்டாய். போனில் சொன்னால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதி நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் வாசி, நடுவில் எடுத்துப் பேசாதே.

முதலில் உன் கேள்விக்குப் பதில். கான்சர்தான். மெலனோமா என்று பெயர், தோலுக்கு நிறம் கொடுக்கிற கலங்களில் வருவது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். முதலாவது ஸ்டேஜ், அதிலும் முதல் படி. இதைச் சொல்லும்போது டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆறுதலுக்காகச் சொல்கிறவரின் முகமாக அது இல்லை.

அந்தக் கறுப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் உகந்தையில் இருந்து காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்த வருடம், வலது உள்ளங்காலில் குதிக்குக் கொஞ்சம் முன்னால் முள் ஏறி, நீ ஊசியால் கிண்டி எடுத்தாயே, அதே இடம்தான். அதனால் ஒரு புள்ளி கறுத்தபோது முள்ளின் மிச்சம் என்று விட்டுவிட்டேன். பிறகு அது பெரிதாகத் தொடங்கியது. ஒரு இடத்தில் காட்டினேன், கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்டர் தந்தார்கள், நாலு மாதம் ஒட்டினேன். நாலு மாதம்! அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முள் குத்தியதால் வந்ததா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அதை நினைத்து மனதை வருத்த வேண்டாம் என்றார். எங்களைப் போல நிறமான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு, ஆனால் வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழே என்று இப்படியான இடங்களில்தான் கூடுதலாக வருமாம். ஓட்டோக்களுக்குப் பின்னால் பொப் மார்லியின் படம் ஒட்டியிருப்பார்களே, அவருக்கும் கால் பெருவிரல் நகத்துக்குக் கீழேதான் இது வந்தது. 1977 இல் கண்டுபிடித்தார்கள், 1981 இல் 36 வயதில் போய்விட்டார். இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

தோல் டொக்டர் வெளிச்சம் உள்ள ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். உள்ளங்கால் தோலைக் கிட்டப் பார்த்தால் கோர்டுரோய் துணி மாதிரி, மேடும் பள்ளமுமாக வரிவரியாக ஓடும். சாதாரண மச்சமாக இருந்தால் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்து வரியில் இருக்குமாம். எனக்கு மேட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அன்றைக்கே பயொப்சிக்கு எழுதித் தந்தார். உள்ளங்காலில் விறைப்பு ஊசி போடும் வலியை மட்டும் கேட்காதே, இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன். 9 மில்லிமீற்றர் கறுப்பை ஒட்டினாற்போல முழுதாக வெட்டி எடுத்து நாலு தையல் போட்டார்கள். டொக்டர் முடிச்சுப் போடும்போது அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், நல்ல சீரான கை.

மூன்று கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு நான் செய்த பிழையை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். டொக்டரிடம் காட்டுவதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே கவரைப் பிரித்துவிட்டேன். எல்லாம் இங்கிலிஷ். எனக்கு விளங்கியது இரண்டே சொல்தான். ஊடுருவியிருக்கிறது என்று ஒன்று, லெவல் என்று போட்டு ரோமன் எழுத்தில் மூன்று என்று இன்னொன்று. பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது மூன்றாவது ஸ்டேஜ் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆற்றைப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அன்று இரவு முழுவதும், தைக்கக் கிடக்கிற சட்டைகளை யாரிடம் கொடுப்பது, மகளின் கலியாணத்தை யார் முன்னுக்கு நின்று செய்வது என்று யோசித்துக்கொண்டே விடியவைத்தேன்.

அடுத்த நாள் தங்கச்சியின் மகள் வந்தாள், அவள் தாதியாக இருக்கிறாள் தெரியும்தானே. என்னோடு கிளினிக்குக்கு வந்து, டொக்டர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் பென்சிலால் தமிழில் எழுதித் தந்தாள். அந்தத் தாள் இப்போது என் தையல் மெஷின் லாச்சியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

அந்த மூன்று, ஸ்டேஜ் இல்லை. கிளார்க் என்ற டொக்டர் 1969 இல் போட்ட கணக்கு அது. தோலின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது. ஸ்டேஜ் போடுவதற்கு இப்போது அதைப் பார்ப்பதில்லை, ஆனாலும் ரிப்போர்ட்டில் இன்னும் எழுதுகிறார்கள். ஒரே தாளில் இப்படி ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, இது ஸ்டேஜ் இல்லை என்று சொல்ல ஆள் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால், என்னைப் போல எத்தனை பேர் நித்திரை இல்லாமல் கிடந்திருப்பார்கள்! ஊடுருவியிருக்கிறது என்பதும் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்ற அர்த்தத்தில் இல்லை. மேல்தோலின் அடிக்கோட்டைத் தாண்டி அடுத்த அடுக்கைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமான எண் வேறு. ஆழம். பிரெஸ்லோ என்ற அமெரிக்க டொக்டர் 1970 இல் சொன்ன முறையாம், கண்ணாடித் தட்டில் வைத்த தோலை மைக்ரோஸ்கோப்பில் மேலிருந்து கீழே அளந்து, கெட்ட கலம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீற்றரில் சொல்வது. எனக்கு 0.6. இதைக் கேட்டவுடன் எனக்கு மெஷின்தான் ஞாபகம் வந்தது. சட்டைக்குத் தையல் நீளம் இரண்டரையில் வைப்போமே, அந்த ஒரு தையலில் கால்வாசி. அவ்வளவு ஆழம்தான் போயிருக்கிறது. 0.8க்குக் குறைவாகவும், மேலே தோல் வெடித்துப் புண்ணாகாமலும் இருந்தால்தான் அந்த முதல் படி. எனக்குப் புண் இல்லை என்று எழுதியிருக்கிறது. இந்த ஆழத்தில் நெறிக்கட்டிக்கு, அதுதான் நிணநீர்க் கணுவுக்கு, போயிருக்கும் வாய்ப்பு 100 பேரில் 5 பேருக்கும் குறைவு என்றபடியால், கவட்டில் வெட்டி நெறிக்கட்டி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்றார்கள். கையால் அழுத்திப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை.

கீமோவும் இல்லை. பக்கத்து வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது தலைமுடியைத்தான். இந்தப் படிக்கு வெட்டி எடுப்பதுதான் வைத்தியம், வேறு மருந்து இல்லை.

சரி, முழுதாக எடுத்துவிட்டார்கள் என்றால் திரும்பவும் ஏன் ஒப்பரேசன் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். எடுத்த துண்டின் ஒரு பக்க விளிம்பில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. விளிம்பு சுத்தமாக இருந்திருந்தாலும் செய்துதான் இருப்பார்களாம். தையலுக்கு விடுகிற இடம் மாதிரி யோசி. துணியைக் கோட்டிலேயே வெட்டினால் பிரிந்துபோகும், அதனால் தள்ளி வெட்டுவோம். இதற்கும் அப்படி ஒரு அளவு இருக்கிறது, 1 மில்லிமீற்றருக்குள் ஆழம் என்றால் சுற்றிவர 1 சென்ரிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். கூட்டிப் பார், கிட்டத்தட்ட மூன்று சென்ரிமீற்றர் வட்டம். உள்ளங்காலில் அவ்வளவு பெரிய ஓட்டையை இழுத்துத் தைக்க முடியாது, அந்தத் தோல் இழுபடாது. தொடையில் இருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து ஒட்டுப்போடுவார்கள். ஒட்டுப் பிடிக்கும் வரைக்கும் சில கிழமை அந்தக் காலை ஊன்றவே கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 0.6 என்பது முதல் எடுத்த துண்டின் அளவு. இரண்டாவது துண்டும் பரிசோதனைக்குப் போகும், அதில் இன்னும் ஆழமாக ஏதும் இருந்தால் கணக்கு மாறும். அப்படி மாறுவது குறைவுதான், ஆனாலும் கடைசி ரிப்போர்ட் வரும் வரைக்கும் முடிந்தது என்று சொல்லமாட்டேன் என்று டொக்டர் சொன்னார். அப்படி நேராகச் சொன்னதால்தான் அவர் சொன்ன மற்றதையும் நம்புகிறேன். பகலில் தைரியமாக இருக்கிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கால் தானாகப் போர்வைக்கு வெளியே வருகிறது, போன் லைட்டை அடித்து அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். அதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன், மகளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வாட்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், சனி காலை ஒப்பரேசன். தையல் வேலையில் பாதியைச் சந்தியில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். மிச்சத்துக்கு இடது காலால் மெஷின் மிதித்துப் பழகுகிறேன். நேற்று ஒரு தலையணை உறை தைத்தேன், தையல் கொஞ்சம் கோணல், ஆனால் ஓடுகிறது.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்கு என்னால் போக முடியாது. அப்பா போன பிறகு ஒரு வருடமும் தவறவிட்டதில்லை, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ திருக்கோவிலில் கடலுக்குத் தீர்த்தம் ஆடப் போகும்போது அவருடைய பெயரையும் சொல்லி ஒரு முழுக்குப் போடு. விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் அங்கே கிடைத்தால் கொஞ்சம் பஸ்ஸில் கொடுத்துவிடு, இங்கே சந்தையில் இன்னும் வரவில்லை.

அப்புறம், நீ வயலுக்குள் செருப்பில்லாமல் திரிகிறவள், சீனி வருத்தமும் இருக்கிறது. குனிந்து பார்க்க முடியாவிட்டால் மகனிடம் சொல்லி இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நகங்களையும் எடு, நெடுக்காகக் கறுப்புக் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க. ஏதும் புள்ளி இருந்தால் பக்கத்தில் தையல் டேப்பை வைத்து எடு, அளவு தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அனுப்பு. சிறுபோக வெட்டு இருக்கிறது, நேரமில்லை என்று சொல்லாதேகா, நான் காத்திருப்பேன்.

கல்லடியில் இருந்து,
உன் சிநேகிதி