சங்கம் கூட்டுமுன்: மேய்ச்சல் மலைத் தீ பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. போடி அடிவாரத்துப் பட்டாதாரர்கள் சேர்ந்து மேய்ச்சல் மலைத் தீயை அணைக்கச் சங்கம் கூட்டுவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். வசூலில் இறங்குமுன் வனச்சரகரைப் பார்த்து, தீப்பிடித்தால் யார் சொல்லை யார் கேட்பது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முகட்டுக்கு அப்பால் இடுக்கி. அந்தப் பக்கத்து அலுவலக எண்ணும் கையில் இருக்கட்டும்.

அமெரிக்காவின் ஐடஹோவில் மாட்டுப்பண்ணைக்காரர்களுக்கு இதுதான் தலைவலியாக இருந்தது. மேய்ச்சல் அவர்களுடையது, நிலம் அரசுடையது. தீப்பிடித்தால், பயிற்சி இல்லாதவர் விலகுங்கள் என்றார்கள் அதிகாரிகள். 2012-இல் முதல் சங்கம் அமைந்து, பயிற்சியும் வாக்கிடாக்கியும் ஒப்பந்தமும் வந்த பிறகுதான் முறைப்படி களத்தில் இறங்க முடிந்தது. பக்கத்து ஆரெகனில் 1960களிலேயே இப்படிச் சங்கங்கள் உண்டு. நம்மூர்க் காப்புக்காட்டில் நாமாக எதிர்த்தீ வைத்தாலும், அதாவது வரும் தீக்கு எதிரே புல்லை எரித்துவிட்டாலும், வழக்குதான்.

தண்ணீர் கொண்டுபோகப் பிக்கப்பில் 500 லிட்டர் டேங்க் போதும். தண்ணீர் மட்டுமே அரை டன். பாதி டேங்கோடு மலைவளைவில் திரும்பினால் தண்ணீர் ஒருபக்கம் அடித்து வண்டியைச் சாய்த்துவிடும். உள்ளே தடுப்புத் தகடு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அவசரத்தில் பம்பு மக்கர் பண்ணுவது பெரும்பாலும் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வில் சருகு அடைத்துத்தான். அதை வலை சுற்றி, வாளிக்குள் வைத்து இறக்குங்கள்.

தீத்தடுப்புக் கோட்டைத் தை முடிவதற்குள் மண் தெரியச் செதுக்குங்கள். முழங்கால் உயரப் புல்லுக்கு 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, காற்றடிக்கும் இடத்தில் அதுவும் பத்தாது. செதுக்கிய சருகைத் தீ வரும் பக்கம் குவித்துவைப்பார்கள். தீ அதைத் தொட்டதும் கொழுந்துவிட்டுக் கோட்டைத் தாண்டிவிடும். மறுபக்கம் அள்ளிப்போட்டுப் பரப்பச் சொல்.

சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் காற்றும் மலையேறும். அதனால் யாரும் தீக்கு மேலே நிற்கக் கூடாது. 2018-இல் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த குரங்கணியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிந்து முடிந்த கரிநிலத்தை ஒட்டியே நின்று, ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு போகணும். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்திதான் போடணும்.

இளவட்டங்கள் சுணங்குவது அணைத்த பிறகுதான். காய்ந்த சாணி மணிக்கணக்கில் உள்ளுக்குள் கனலும். காற்று கிளம்பினால் மறுபடி பற்றும். கோட்டோரச் சாணியையும் கட்டையையும் புரட்டி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, தண்ணீர் விட்டு மண்ணோடு கிளறணும். இரவுக் காவலுக்கு முறை வைத்துப் பெயர் எழுதாமல் சங்கத்தைத் தொடங்காதே.

பயிற்சிக்கு வனத்துறை என்ன சொன்னார்கள் என்று எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்