பாதரச அடைப்பை அகற்றுவதற்குக் கட்டாய விதி வேண்டும்: தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாம் ‘வெள்ளி அடைப்பு’ என்று சொல்லும் அமால்கத்தில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய அடைப்பை எடுக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் (அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் மெல்லிய ரப்பர் விரிப்பு) போட வேண்டும், தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்ச வேண்டும், எச்சிலையும் தூளையும் உறிஞ்சும் வலுவான சக்‌ஷனைப் பல்லருகிலேயே வைத்திருக்க வேண்டும், அடைப்பை அரைத்துத் தூளாக்காமல் வெட்டித் துண்டுகளாகப் பெயர்க்க வேண்டும் என்பவையும் உங்கள் துறையினர் அறிந்தவையே. நான் கேட்பது ஒன்றுதான். அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும் இந்த முறையை, சிறிய கிளினிக் முதல் பெரிய மருத்துவமனை வரை அனைவரும் பின்பற்றியே ஆக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையின் மூலம் கட்டாயமாக்குங்கள்.

அண்மையில் என் கடைவாய்ப் பல்லின் பழைய அடைப்பு விரிசல் கண்டு, அடியில் சொத்தை பரவியதால் அதை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் கைதேர்ந்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பர் டேம் இல்லை. தண்ணீர் பார்வையை மறைக்கிறது என்று அதையும் நடுவில் நிறுத்திவிட்டு, ஜன்னல்கள் அடைத்த ஏசி அறையில் டிரில்லை ஓட்டினார். என் மார்பின் மேல் விரித்திருந்த காகிதத்தில் சாம்பல் நிறத் தூள் படிந்தது. எச்சில் உறிஞ்சும் மெல்லிய குழாயைப் பிடித்தபடி, என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து நின்ற உதவியாளர் பெண், ஏழெட்டு மாதக் கர்ப்பிணி. அவர் அணிந்திருந்த சாதாரண முகக்கவசம் தூளை ஓரளவு தடுக்கலாம்; பாதரச ஆவியைத் தடுக்காது. “இது தினமும் இருக்கறதுதான் சார்” என்றார்.

பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆய்வகத்தில் ஒரு வெப்பமானி உடைந்தாலே மாணவர்களை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுத்தான் சிந்தியதைத் திரட்டுவோம். விழுங்கிய அமால்கத் துணுக்கு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மூச்சில் போகும் பாதரச ஆவியிலோ சுமார் 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும், நஞ்சுக்கொடியையும் கடக்கும். நிறமும் மணமும் இல்லாததால் அறையில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. நான் அரை மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த உதவியாளர் அடுத்த நோயாளிக்காக அங்கேயே நின்றார்.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-இல் இணைந்தது. 2022-இல் பாலியில் கூடிய உறுப்பு நாடுகள், மருத்துவர் அவசியம் எனக் கருதினாலன்றி 15 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அமால்கம் வைப்பதைத் தவிர்க்க முடிவு செய்தன. 2025 நவம்பரில் ஜெனீவாவில், 2034-க்குள் அதன் பயன்பாட்டையே முடித்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. எல்லாம் நல்லதே. ஆனால் இவை புதிதாக வைப்பதைப் பற்றியவை. என் தலைமுறையின் வாய்களில் ஏற்கெனவே இருப்பவை இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர்ந்துகொண்டிருக்கும். நாற்காலியில் படுத்திருக்கும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பு உண்டென்றால், நாற்காலியின் பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணி யார் பொறுப்பு?

பெயர்த்த துண்டுகளின் கதை வேறு. துப்பும் தொட்டி வழியே சில சாக்கடைக்குப் போகின்றன. பஞ்சோடு, எரிக்க வேண்டிய மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் விழுபவை எரிகலனுக்குப் போய் மறுபடி ஆவியாகின்றன. அமெரிக்காவில் 2020 ஜூலை முதல் பெரும்பாலான பல் மருத்துவமனைகளின் கழிவுக் குழாயில் அமால்கத்தைப் பிரித்தெடுக்கும் கருவி இருந்தாக வேண்டும். கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்ட பின்னும் மண்ணில் பாதரசம் எத்தனை காலம் கிடந்தது என்பதைப் பார்த்த மாநிலத்துக்கு இதை வெளியார் வந்து சொல்ல வேண்டுமா?

விதி இல்லாத இடத்தில் இரண்டு வகையினர் செழிக்கிறார்கள். முதல் வகையினருக்கு விளக்கு போட்ட பெயர்ப் பலகைக்கும் ‘புன்னகை வடிவமைப்பு’க்கும் பணம் இருக்கிறது, ஒரு மெல்லிய ரப்பர் விரிப்புக்குத்தான் இல்லை. இரண்டாம் வகையினரோ மூட்டுவலி முதல் மறதி வரை அனைத்துக்கும் வெள்ளி அடைப்பே காரணம் என்று அச்சுறுத்தி, நன்றாக இருக்கும் அடைப்புகளையும் பிடுங்கிக் காசு பார்க்கிறார்கள். பழுதில்லாத அடைப்பைத் தேவையின்றி எடுத்தால்தான் ஆவி கூடுதலாக வெளிப்படும். நல்ல வேளை, நம் பற்கள் முப்பத்திரண்டோடு நின்றுவிட்டன.

சினம் சற்று மேலிட்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: பாதுகாப்பாக அகற்றும் முறையைக் கட்டாயமாக்குங்கள். துண்டுகளை மூடிய கலனில் தனியே சேர்ப்பதையும், கர்ப்பிணிப் பணியாளர்களை இந்த வேலையிலிருந்து ஊதிய இழப்பின்றி விலக்குவதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். சுற்றறிக்கையைத் தமிழிலும் வெளியிட்டு, சக்‌ஷன் குழாயைப் பிடித்து நிற்பவர் படிக்கும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை