ஒருவரின் சம்பளச் சீட்டை இன்னொருவருக்குக் காட்டிய வெப் கேஷ் பெட்டி: ஒரு புகார்

அனுப்புநர்:
நெட்வொர்க் நிர்வாகி,
கிளை அலுவலகம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்,
வெப் கேஷ் சாதனப் பிரிவு.

பொருள்: உங்கள் பொறியாளர் நிறுவிய கேஷ் சாதனம் எங்கள் ஊழியர்களின் சம்பள விவரங்களைப் பிறருக்குக் காட்டியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று புகார்களும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டுவிட்டன. எதுவும் தீரவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒருமுறை திறந்த இணையப் பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கு அதையே கொடுத்து இணையப் பயன்பாட்டை மிச்சப்படுத்தத்தான் உங்கள் கேஷ் சாதனத்தை வாங்கினோம். அதைப் பொருத்தி மூன்றாவது வாரம். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “சார், என் சிஸ்டத்தைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். அவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத்தான் சம்பளத் தளத்துக்குள் நுழைந்திருந்தார். திரையில் இருந்தது இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் வேறொருவரின் சம்பளச் சீட்டு. பெயர், பணியாளர் எண், பிடித்தம், கடன் தவணை, எல்லாமே தெரிந்தன. “நான் எதையும் தப்பா அழுத்தலை சார்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்தவர் கணக்கைத் திறந்து பார்த்ததாகப் பழி வந்துவிடுமோ என்று பயந்துபோயிருந்தார். ஒரு தவறும் செய்யாதவரை அப்படிப் பயப்பட வைத்தது உங்கள் பெட்டி.

அன்று எனக்கு அது தெரியாது. சம்பள மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்தேன். தலைமை அலுவலகத்தில் அதை எழுதிய நண்பரை இரண்டு நாள் விடாமல் குடைந்தேன். அவரும் தூக்கம் கெட்டுத் தன் நிரலை வரி வரியாகப் பார்த்துவிட்டு, “எங்க பக்கம் தப்பே இல்லை” என்றார். நான் நம்பவில்லை. அப்புறம் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள்தான் சரியான இடத்தில் தேடினேன். என் கணினியிலிருந்து, பிரவுசர் இல்லாமல் நேராகப் பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில் அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுத்தேன். லாகின் கிடையாது, உள்ளே நுழைந்தவர் யார் என்று சொல்லும் குக்கீயும் கிடையாது. முறைப்படி சர்வர் 302 என்று சொல்லி லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். வந்தது 200, அதாவது ‘கேட்டது இதோ’ என்ற பதில். கூடவே ஒரு முழுச் சம்பளச் சீட்டு. பக்கத்தோடு சேர்ந்து வரும் குறிப்புகளான ஹெட்டர் வரிகளைப் பார்த்தேன். ‘ஏஜ்: 1412’ என்று இருந்தது. அதாவது அந்தப் பக்கம் சர்வரிலிருந்து வந்து 1412 விநாடி ஆகிவிட்டது. இருபத்து மூன்று நிமிடத்துக்கும் மேலாக அது உங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்து, கேட்டவருக்கெல்லாம் போயிருக்கிறது. தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒருவரிடம் அதே கட்டளையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் சர்வருக்கும் நடுவே உங்கள் சாதனம் இல்லை. அங்கே ஒழுங்காக 302 வந்தது.

என்னை உலுக்கியது அடுத்த வரி. எனக்கு வந்த அதே பதிலில் ‘கேஷ்-கன்ட்ரோல்: பிரைவேட்’ என்ற வரியும் அப்படியே இருந்தது. சம்பள சர்வர் தன் கடமையைச் செய்திருக்கிறது. ‘இது ஒருவருக்கு மட்டும் உரியது’ என்று எழுதித்தான் கவரைக் கொடுத்திருக்கிறது. உங்கள் பெட்டி அந்த எழுத்தையும் அழிக்காமல், கவரைப் பிரித்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறது.

பிரைவேட் என்று குறிக்கப்பட்ட பதிலைப் பலருக்கும் பொதுவான கேஷ் சேமிக்கவே கூடாது. பயன்படுத்துபவரின் சொந்த பிரவுசர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கேஷுக்கான இணையத் தரநிலை ஆவணமாக 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9111 இதைத்தான் சொல்கிறது. புது விதியும் அல்ல. பக்கங்களைக் கேட்டு வாங்கும் இணைய நெறிமுறையான எச்டிடிபி 1.1-க்கு 1997-ல் வந்த முதல் பதிப்பிலேயே இது இருக்கிறது. கேஷ் சாதனம் செய்து விற்கும் நிறுவனத்துக்கு நான் இதை எழுதிக் காட்ட வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, ஏன் இப்படி நடந்தது? சாதனத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘அதிகபட்சச் சேமிப்பு’ என்று ஒரு முறை இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று பெட்டிகளில் டிக் போட்டிருந்தது. ஒன்று பிரைவேட் என்ற குறிப்பைப் பொருட்படுத்தாதே என்பது. இன்னொன்று நோ-ஸ்டோர், அதாவது ‘எங்கும் சேமிக்காதே’ என்பதைப் பொருட்படுத்தாதே. மூன்றாவது, சர்வர் என்ன காலக்கெடு சொன்னாலும் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்திரு. இதை நாங்கள் போடவில்லை. அமைப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தால், நிறுவும் நாளன்று சாயங்காலம், உங்கள் பொறியாளரின் கணக்கிலிருந்து இது இயக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதியம் வரை வரைபடத்தில் ஹிட் விகிதம், அதாவது பெட்டியே நகலிலிருந்து பதில் கொடுத்த கோரிக்கைகளின் பங்கு, 9 சதவீதத்தைத் தாண்டவில்லை. பொறியாளரின் முகத்தில் கவலை தெரிந்தது. கிளம்புவதற்கு முன் எங்கள் மேலாளரை அழைத்து, விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டதைப் பெருமையாகக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். திடீரென்று எப்படி ஏறியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த விகிதத்தில் எத்தனை பேரின் சம்பளச் சீட்டு கலந்திருந்ததோ என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. வேலை தெரிந்தவர். கேபிள்களுக்கு லேபிள் ஒட்டிய நேர்த்தியை இன்றும் ரேக்கில் பார்க்கலாம். ஆனால் விகிதத்தைக் காட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னது உங்கள் நிறுவனம் என்றால், இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரில்லை, நீங்கள்.

உங்கள் கையேட்டையும் தேடிப் படித்தேன். இந்த முறையை ‘மேம்பட்ட செயல்திறன்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எச்சரிக்கையாக ஒரு சொல்கூட இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்குவிட் என்ற கேஷ் மென்பொருளிலும் இதே மாதிரி விருப்பங்கள் உண்டு. ஆனால் அவை எச்டிடிபி தரநிலையை மீறுபவை என்று அதன் ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். நாமாக எழுதிச் சேர்த்தால் ஒழிய அவை இயங்காது. காசு வாங்காதவர்கள் சொல்லும் எச்சரிக்கையைக் காசு வாங்கியவர்கள் சொல்ல வேண்டாமா?

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. சம்பளத் தளம் அப்போது பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்-இல் இல்லை. அலுவலக உள்வலைதானே என்று பூட்டில்லாத எச்டிடிபி போகும் 80-ஆம் போர்ட்டிலேயே விட்டு வைத்திருந்தோம். இப்போது மாற்றிவிட்டோம். ஆனால் இது நடக்கக்கூடாது என்றுதான், எந்தெந்த உள் முகவரிகளைச் சாதனம் தொடக்கூடாது என்ற பட்டியலை நிறுவுவதற்கு நான்கு நாள் முன்பே மின்னஞ்சலில் அனுப்பினேன். சம்பள சர்வர் அதில் முதல் வரி. உங்கள் பொறியாளர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதிலும் போட்டிருக்கிறார். சாதனத்தில் விலக்குப் பட்டியல் காலியாகக் கிடக்கிறது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே அமர்ந்து, யாரையும் கேட்காமல் 80-ஆம் போர்ட்டை இடைமறிக்கும் பெட்டிக்கு அந்தப் பட்டியல்தான் ஒரே வேலி.

இனி உதவி மையம் செய்ததைச் சொல்கிறேன். முதல் புகாருக்கு, பிரவுசர் கேஷை அழித்துப் பார்க்கவும் என்று பதில். கர்ல் வெளியீட்டை முழுதாக இணைத்திருந்தேன். கர்லுக்கு பிரவுசர் கேஷ் ஏது? இணைப்பை யாரும் திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது புகாருக்கு, சாதனத்தின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் என்றார்கள். இதுதான் எனக்கு இன்றும் ஆறாத காயம். சொன்னபடி மாலையில் புதுப்பித்தேன். பெட்டி பாதியில் நின்றது. விளக்குகள் எரிகின்றன, ஒன்றும் கடந்து போகவில்லை. சாதனம் செயலிழந்தால் போக்குவரத்து தானாக நேர்வழியில் போகும் என்று விற்பனையின்போது சொன்னீர்கள். போகவில்லை. அலுவலகம் முழுக்க இணையமின்றி ஐம்பது நிமிடம். கடைசியில் நானே ரேக்கின் பின்னால் நுழைந்து, பெட்டியில் இருந்த இரண்டு கேபிள்களையும் பிடுங்கி, ரவுட்டரையும் ஸ்விட்சையும் நேராக இணைத்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான்கு போர்ட்களில் முதல் ஜோடிக்கு மட்டும்தான், பெட்டி நின்றாலும் போக்குவரத்தை நேராகக் கடத்திவிடும் பைபாஸ் ரிலே உண்டு. எங்கள் கேபிள்கள் இரண்டாவது ஜோடியில் இருந்தன.

அது போகட்டும். பெட்டி மறுபடி எழுந்தபோது யார் எதைத் திறந்தார் என்ற பதிவான பழைய லாக் ஒன்றும் இல்லை. கேஷ் இருக்கும் அதே வட்டில்தான் லாகும் இருக்கிறதாம். புதிய ஃபர்ம்வேர் அந்த வட்டைத் துடைத்து எழுதுமாம். முதலில் லாகைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் ஆள் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அமைப்பு வரலாறு தனி ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அது தப்பித்தது. ஆனால் யாருடைய சீட்டை யார் யார் பார்த்தார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே பதிவு போய்விட்டது. என்னிடம் வந்து கேட்கும் ஊழியர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? “என் சீட்டை யாராவது பார்த்தாங்களா?” என்று ஒருவர் கேட்டார். “தெரியவில்லை” என்றேன். சும்மா கேட்டதில்லை. அவர் சீட்டில் இருக்கும் கடன் தவணையை அவர் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை.

மூன்றாவது புகாருக்கு, அமைப்புகள் வாடிக்கையாளரின் பொறுப்பு என்று எழுதி மூடிவிட்டார்கள். உங்கள் பொறியாளர், உங்கள் கணக்கில், எங்களுக்குச் சொல்லாமல் போட்ட டிக் எப்படி எங்கள் பொறுப்பாகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்கும்போது இணையப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் மிச்சமாகும் என்றீர்கள். செய்து காட்டியது ஒரே எச்டிடிபி கோப்பை இரண்டு முறை இறக்கி. இன்று எங்கள் ஊழியர்கள் திறக்கும் தளங்களில் பெரும்பாலானவை எச்டிடிபிஎஸ். பூட்டிய குழாய்க்குள் என்ன போகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சேமிக்கும்? விண்டோஸ் அப்டேட், லினக்ஸ் பொதிகள் போன்றவை டிஜிட்டல் கையொப்பத்தோடு சாதாரண எச்டிடிபியில் வருவதால் அவற்றில் பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த 9 சதவீதம் பெரும்பாலும் அதுதான். அதுவே உண்மையான விகிதம். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம், அல்லது வாங்காமல் இருந்திருப்போம்.

இதைக் கேட்டபோது, பெட்டியை நம்பும்படி கணினிக்குச் சொல்லும் உங்கள் ரூட் சான்றிதழை எல்லாக் கணினியிலும் ஏற்றிவிட்டால் எச்டிடிபிஎஸ்-ஐயும் பிரித்துச் சேமிக்கலாம் என்று விற்பனைப் பிரிவு யோசனை சொன்னது. ஊழியர்களின் வங்கிப் பக்கமும் மருத்துவமனைப் பக்கமும் அதற்குள் வந்துவிடும். பிரைவேட் என்று எழுதியிருப்பதை மதிக்காத பெட்டியிடம் அவற்றைத் திறந்து கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது சாதனம் இணைப்பில் இல்லை. அதன் வட்டைக் கழற்றி, அதில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாதபடி உறையிட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். துடைக்கப்பட்ட லாகில் எதையாவது மீட்க முடியுமா என்று பார்க்க, தரவு மீட்பு தெரிந்த ஒருவரை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். வட்டு எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. வேலை இங்கேயே, என் கண் முன்னால் நடக்க வேண்டும்.

அடுத்து, என்ன நடந்தது என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில், பொறுப்பானவர் கையெழுத்திட்ட ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். எனக்காக இல்லை. ஊழியர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். குறிப்பாக, முதலில் என்னிடம் வந்து சொன்னவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பதற்றத்தை அடக்கிக்கொண்டு அவர் வந்து சொல்லாவிட்டால் இது இன்னும் எத்தனை நாள் நடந்திருக்குமோ.

சாதனத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். வேறு மாடல், கூடுதல் உத்தரவாதம், சலுகை எதுவும் வேண்டாம். உதவி மையத்திலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்கு நான் உங்களை வற்புறுத்த முடியாது. இதே சாதனத்தை வேறு அலுவலகங்களிலும் பொருத்தியிருப்பீர்கள். அங்கேயும் சாயங்காலம் விகிதம் திடீரென ஏறியிருக்கலாம். அந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ‘அதிகபட்சச் சேமிப்பு’ முறையை உடனே அணைக்கச் சொல்லித் தகவல் அனுப்புங்கள். அவர்களிடம் லாக் இன்னும் அழியாமல் இருக்கும். யார் பார்த்தார்கள் என்று கேட்கும் ஊழியருக்கு அவர்களாவது பதில் சொல்ல முடியும்.

கர்ல் வெளியீடு, அமைப்பு வரலாற்றின் படம், விலக்குப் பட்டியல் மின்னஞ்சல், மூன்று புகார்களின் பதில்கள் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். தயவுசெய்து இந்த முறை இணைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிர்வாகி