ஒரு கணினிக்குள் நான்கு குடித்தனம்

கும்பகோணம்
16-11-2025

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். அம்மா குழந்தையோடு பேச வேண்டும் என்று வாங்கிக்கொண்டதால் அது பாதியில் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் உன் பழைய மடிக்கணினி சும்மா கிடக்கிறது, அதில் லினக்ஸ் போட்டு இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது கணினிக்குள் நிரலாக ஓடும் கணினிகளை, ஓட்டலாமா, நீங்கள் பதினேழு ஆண்டுகளாக வேறென்ன செய்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். தாராளமாக ஓட்டலாம். ஆனால் நான் பட்டதை நீயும் பட வேண்டாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீ ஆறு வயது வரை வளர்ந்த அந்த ஐந்து குடித்தன வீடு உனக்கு நினைவிருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்பது அந்த வீடுதான். ஒரே கூரையின் கீழ் ஐந்து அடுப்புகள் எரிந்தன; கிணறு மட்டும் ஒன்று. பிராசஸர் அந்தக் கிணற்றைப் போன்றது: முறை வைத்து எல்லோரும் இறைத்துக்கொள்ளலாம், கூட்டம் அதிகமானால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ராம் நினைவகமோ அறையைப் போன்றது; ஒரு குடும்பம் உட்கார்ந்துவிட்ட அறையில் இன்னொரு குடும்பத்தைக் குடியேற்ற முடியாது. வேறுபாடு ஒன்றுண்டு. கணினிக்குள் குடியிருக்கும் ஒவ்வோர் இயங்குதளமும் முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பதைக் கெஸ்ட் என்றும் சொல்கிறார்கள். விருந்தாளி என்ற பொருளில் அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. விருந்தாளி இரண்டு நாளில் ஊருக்குப் போய்விடுவார், இவர்கள் வாடகைக்கு வந்தவர்கள்.

இது புதிய வித்தையும் அன்று. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையத்தார் 1960-களிலேயே ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் முறையைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1972-இல், நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தபோது, அது விஎம்/370 என்ற பெயரில் வெளியாகியே விட்டது. வீட்டு மேசைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1999-இல் அதற்கான மென்பொருளாக விஎம்வேர் வந்தது. என் போன்றவர்களின் கைக்கு எட்டியது அதற்குப் பின் வந்த விர்ச்சுவல்பாக்ஸ். அதை முதலில் செய்த இன்னோடெக் என்ற நிறுவனம் வைன்ஷ்டாட்டில், அதாவது நீ இருக்கும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஷோர்ன்டார்ஃப் செல்லும் ரயில் பாதையில் இருந்தது என்பது உனக்குத் தெரியுமா? 2007 ஜனவரியில் அதன் மூலநிரலைத் திறந்து விட்டார்கள். மறு ஆண்டு சன் நிறுவனம் வாங்கியது, 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளிடம் போனது.

நான் தொடங்கியது 2008-இல், நீ பத்தாம் வகுப்பு எழுதிய கோடை விடுமுறையில். 2 ஜிபி நினைவகமுள்ள கணினி. வெளியே விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே அப்போது புதிதாக வந்திருந்த உபுண்டு 8.04 என்ற லினக்ஸ். கெஸ்டுக்கு 512 எம்பி ஒதுக்கினேன். ஊர்ந்துதான் ஓடியது, ஆனாலும் ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கணினி தானாகப் பயாஸ் திரை, அதாவது கணினி எழும்போது முதலில் வரும் திரை, காட்டி எழுந்து வந்ததை அன்று நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இருக்கிற ஒன்றையே துடைக்க நேரமில்லை” என்றாள். அதன் பிறகு 64 பிட் லினக்ஸை ஏற்ற முயன்றபோது மறுத்துவிட்டது. மூன்று நாள் தேடிய பிறகே, கெஸ்டுகளைத் தாங்குவதற்கென்று பிராசஸருக்குள் செய்துவைக்கும் தனி வசதி என் பிராசஸரில் இல்லை என்பது விளங்கியது. அடுத்து வாங்கிய கணினியில் அந்த வசதி இருந்தும் வேலை செய்யவில்லை. பயாஸில் அதை அணைத்தே விற்றிருந்தார்கள். உன் மடிக்கணினியிலும் நீ முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று பயாஸில் எழுதியிருக்கும்.

விளையாட்டாக ஆரம்பித்தது தேவையாக மாறியது 2009-இல். நான் பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டியும் வினாத்தாள்களும் அச்சுக்கோத்த விண்டோஸ் 98 கணினியின் மதர்போர்டு அந்த ஆண்டு போய்விட்டது. வட்டு பிழைத்தது. கோப்புகளும் இருந்தன; ஆனால் புதிய கணினியில் திறந்தால் எல்லாம் கிறுக்கல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம் குறியாக்கத்தில், பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள் அவை. 2010-இல் அரசே யூனிகோடுக்கு மாறிவிட்டது என்றாலும் என் கோப்புகள் மாறவில்லை. மாற்றும் நிரல்கள் கிடைக்கின்றனவே என்று நீ கேட்பாய். எழுத்தை மாற்றிவிடலாம். டாம் முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டாகச் சேமிக்கப்படும். யூனிகோடில் க முதலில் வரும், ஒகரம் அதன் பின்னால் ஒரே குறியாக வரும். அதை இடம் மாற்றிக் கொடுப்பது நிரலுக்கு எளிது. ஆனால் பின்னங்களையும் மூலக் குறிகளையும் நான் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி வைத்த அந்தப் பக்க அமைப்பு மாற்றத்தில் சிதறிவிடும். கணக்குப் புத்தகத்தில் தொகுதியும் பகுதியும் இடம் மாறினால் புத்தகமே பொய்யாகிவிடும் அல்லவா?

ஆகவே அந்தக் கணினியையே இன்னொரு கணினிக்குள் குடியேற்றினேன். அது எளிதாக நடக்கவில்லை. ஊரில் எல்லோரும் அள்ளிக் கொடு என்பார்களே, அந்தப் புத்தி இங்கே உதவாது: விண்டோஸ் 98-க்கு 512 எம்பிக்கு மேல் நினைவகம் கொடுத்தால் ‘நினைவகம் போதவில்லை’ என்று அழும். 256 எம்பி கொடுத்தேன், அடங்கியது. விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்கள் இவ்வளவு பழைய விண்டோஸுக்குக் கிடையாது. அதனால் முதலில் பதினாறு வண்ணத்தில் சின்னத் திரை, பிறகு யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த பொதுவான திரை டிரைவரைப் போட்ட பின்பே பேஜ்மேக்கரில் முழுப்பக்கம் தெரிந்தது. உள்ளே ஒரு கோப்பை அனுப்ப வேண்டுமானால் அதை ஐஎஸ்ஓ கோப்பாக்கிக் குறுந்தகடு போலச் செருக வேண்டும். வெளியே எடுக்க வேண்டுமானால் கெஸ்டை நிறுத்திவிட்டு, அதன் வட்டை லினக்ஸ் கெஸ்டுக்கு இரண்டாவது வட்டாக இணைத்து எடுப்பேன். பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துருவும் உள்ளேயே பதிந்து வந்துவிடும். இணையத்தை மட்டும் அந்தக் கெஸ்டுக்கு நான் ஒருநாளும் காட்டவில்லை. நெட்வொர்க் அட்டையையே எடுத்துவிட்டேன்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இதற்காகவே இக்கடிதம்.

2012-ஆம் ஆண்டு நம் பக்கத்து மின்வெட்டு உனக்கு மறந்திருக்காது. விடுதியிலிருந்து வந்தபோதெல்லாம் மொட்டை மாடியில்தான் படுத்தாய். என் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். சமச்சீர்க் கல்விப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வழிகாட்டியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் போகும் நேரம் நெருங்கும்போதெல்லாம் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுவேன். எடுத்துவிட்டால் பத்திரம் என்ற எண்ணம். ஸ்னாப்ஷாட் என்பது நகல் இல்லை, செல்வி. அதை எடுத்த நொடியில் வட்டுக் கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பின் நீ எழுதுவதெல்லாம் புதிதாகத் திறக்கும் இன்னொரு கோப்பில், முந்தையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடாக மட்டும் பதியும். மறு ஸ்னாப்ஷாட்டில் அதுவும் உறைந்து மூன்றாவது திறக்கும். இப்படி முதல் கோப்பின் மேல் இருபத்துமூன்று கோப்புகள், ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன.

2013 மார்ச்சில் ஒருநாள், ஹோஸ்டின் வட்டில் இடமில்லை என்று கெஸ்டு பாதியில் நின்றுவிட்டது. இடத்தைத் தின்றது இன்னொரு லினக்ஸ் கெஸ்டு. தேவைக்கேற்ப வளரும் வட்டு என்று ஒன்று உண்டு, அது வளரும், உள்ளே நீ எதை அழித்தாலும் தானாகச் சுருங்காது. அதைக் கவனிக்காமல், கோப்புறையைத் திறந்து தேதியைப் பார்த்தேன். பழைய தேதியிட்ட நான்கு கோப்புகள் தேவையற்ற பழம்பிரதிகள் என்று முடிவு செய்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அழித்தேன். விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக ஸ்னாப்ஷாட்டை நீக்கியிருந்தால் அது இரண்டு கோப்பையும் ஒன்றாகச் சேர்த்திருக்கும். நான் செய்தது, ஏட்டின் நடுத்தாள்களைக் கிழித்துவிட்டு முடிவைப் படிக்க நினைத்தது. மிஞ்சிய பத்தொன்பது கோப்புகளும் எதனோடு ஒப்பிட்டு எழுதப்பட்டனவோ அது இல்லாததால் வெறும் எண்களாகிவிட்டன. உறைந்த முதல் கோப்பு மட்டும் முந்தைய அக்டோபரின் நிலையில் எழுந்து வந்தது. ஐந்து மாத வேலை, அணிகளிலிருந்து முக்கோணவியல் வரை, போயிற்று. மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்திருந்த தாள்களை வாங்கி அந்தக் கோடை முழுவதும் மறுபடியும் தட்டச்சு செய்தேன். நிகழ்தகவு அத்தியாயத்தை யாரும் வைத்திருக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கெஸ்டை முறையாக நிறுத்தி, வட்டுக் கோப்பை முழுதாக வெளிவட்டில் நகலெடுக்கிறேன். ஏதாவது நிறுவுவதற்கு முன் மட்டும் ஸ்னாப்ஷாட். அது நன்றாக நடந்தால் அன்றைக்கே நீக்கிவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, உண்மையாகவே எழுந்து வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டு முறை வரவில்லை. ஒருமுறை வெளிவட்டின் கேபிள் பழுது, மறுமுறை நான் கெஸ்டை நிறுத்தாமல் நகலெடுத்திருந்தேன்.

இப்போதுள்ள ஏற்பாடு 2021-இல் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய சின்ன அலுவலகக் கணினி, 16 ஜிபி. கெஸ்டுகளை நடத்துவதற்கென்றே வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் அதில் ஓடுகிறது. அடியில் இருப்பது 2007 முதல் லினக்ஸின் கருவான கர்னலோடு சேர்ந்து வரும் கேவிஎம். கெஸ்டுகள் நான்கு: கோப்புக் கிடங்கு, இணையப் பெயர்களை முகவரியாக்கித் தந்து விளம்பரமும் வடிகட்டும் டிஎன்எஸ், சோதனைக்கு ஒன்று, ஓய்வாக விண்டோஸ் 98. இங்கும் அடி வாங்காமல் இல்லை. கேவிஎம்மில் ஒவ்வொரு கெஸ்டும் ஹோஸ்டின் பார்வையில் ஒரு சாதாரண நிரல்தான். இருக்கும் நினைவகத்துக்கு மேல் நான் வாக்குக் கொடுத்துவிட்ட ஓர் இரவில், லினக்ஸ் பெரிய நிரலாகப் பார்த்து ஒன்றைக் கொன்றது; அது கோப்புக் கிடங்கு. இன்னொரு முறை ஹோஸ்டை நிறுத்திவிட்டுத் தூசு தட்டினேன். டிஎன்எஸ் உள்ளே இருந்ததால் வீடு முழுவதும் இணையம் நின்று, நீ அனுப்பிய குழந்தையின் காணொலி திறக்காமல் அம்மா பட்ட கோபத்துக்குப் பிறகு, ரூட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் ஒன்றையும் எழுதி வைத்துவிட்டேன். மின்சாரம் அவளுடைய நிரந்தரப் புகார். 30 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்; அரசு தரும் 100 இலவச யூனிட்டில் ஏறக்குறைய பாதியை நான் தின்கிறேன் என்பாள். கணக்கு சரிதான்.

உன் மடிக்கணினி 15 வாட்டுக்குள் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 131 யூனிட். அங்குள்ள விலைக்கு நீயே பெருக்கிக்கொள். பேட்டரியே யுபிஎஸ்ஸாக இருப்பது எனக்கு வாய்க்காத வசதி. ஆனால் எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைக்காதே, உப்பிவிடும். வைஃபையை நம்பாதே. கெஸ்டுக்கும் வீட்டு நெட்வொர்க்கில் தனி முகவரி வேண்டுமென்றால் பிரிட்ஜ் என்ற இணைப்புப் பாலம் போட வேண்டும். வைஃபையோ தன்னோடு கைகுலுக்கிய ஒரே அட்டையின் முகவரியைத்தான் ஏற்கும், பின்னால் நிற்பவர்களைத் தள்ளிவிடும். கேபிள் இழுத்துவிடு. 8 ஜிபிதான் இருக்கிறது என்றாய். ஹோஸ்டுக்கு 2 விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரி, அதற்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

ஒரே வீட்டுக்குள் எத்தனை நகல் வைத்தாலும் ஒரு தீ விபத்துக்கோ திருட்டுக்கோ அவை ஒன்றே என்பதால், உன் சித்தப்பா மகன் டிசம்பரில் அங்கு வரும்போது ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்புகிறேன். அதில் விண்டோஸ் 98-இன் வட்டுக் கோப்பு இருக்கிறது, 2 ஜிபிகூட இல்லை. அதை உன் மடிக்கணினியில் ஏற்றி, பேஜ்மேக்கரைத் திற. ‘கணக்கு10’ என்ற கோப்புறையில் மூன்றாம் அத்தியாயம், 41-ஆம் பக்கம், இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம். மூலக் குறியின் மேற்கோடு கடைசி எழுத்து வரை நீண்டிருக்கிறதா என்று பார்த்து, திரையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்தப் படம் வரும் வரை ஜெர்மனியில் ஒரு நகல் இருப்பதாக நான் என் நோட்டில் எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குழந்தைக்கு முத்தங்கள்.

உன் அப்பா