படத்தில் இருப்பது பாக்கெட்டுக்குள் இருக்கட்டும்

உலக நாடுகளுக்குப் பொதுவான உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் உணவு லேபிள் குழுவினருக்கும், அவர்களை ஒட்டி அந்தந்த நாட்டில் விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

'படம் விளக்கத்துக்காக மட்டுமே', 'பரிமாறும் விதம்' என்று உணவுப் பாக்கெட்டுகளில் வரும் வரிகளைப் பற்றி எழுதுகிறேன். அவை ஏன் வந்தன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் என் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மெல்ல முடியாதே என்று, காய்கறி சூப் பாக்கெட் ஒன்றை அவரே வாங்கி வந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் அவர் படிப்பது படத்தைத்தான். அந்தப் படத்தில் கிண்ணம் நிறையக் கேரட், பட்டாணி, பீன்ஸ். பிரித்தால் வெளிர் மஞ்சள் தூள். கொதித்ததும் பச்சையாக ஐந்தாறு துணுக்குகள் மேலே மிதந்தன. கரண்டியை அடிவரை விட்டுத் துழாவிப் பார்த்தார். அடுப்பை அணைத்தார், மறுபடி பற்றவைத்தார். கடைசியில் என்னிடம், "நான்தான் சரியாக் காய்ச்சலையோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க ஒட்டுமடிப்பில் பாதி மறைந்து அந்த வரி இருந்தது. போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். சேர்மானப் பட்டியலில், உலர்ந்த காய்கறி 3.5%.

இந்த வரிக்கு நியாயமான இடமும் உண்டு. கிண்ணமும் கரண்டியும் பாக்கெட்டுக்குள் வராது. பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்த பூவும் வராது. அதைச் சொல்ல ஒரு வரி போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 'இதுகூடவா தெரியாது' என்று பலர் சிரிப்பதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் கிண்ணத்துக்கு வெளியே இருப்பதற்காக வந்த வரி, கிண்ணத்துக்குள் இருக்கும் கேரட்டுக்கும் சேர்த்தே காப்பாகிவிட்டது. இதை எப்படி அனுமதித்தீர்கள்?

உணவைப் பொய்யாகவோ தப்பான எண்ணம் தரும்படியோ லேபிளில் காட்டக் கூடாது என்று உங்கள் 1985ஆம் ஆண்டுப் பொதுத் தரநிலையே சொல்கிறது. 1970இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஒரு சூப் விளம்பரத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. காய்கறித் துண்டுகள் அடியில் தங்கிவிடாமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். 2015இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு தேநீர் வழக்கு வந்தது. அட்டையில் ராஸ்பெர்ரியும் வெனிலாப் பூவும். உள்ளே இரண்டும் இல்லை. சேர்மானப் பட்டியல் உண்மையாக இருந்தாலும், முன்பக்கம் தந்த தப்பான எண்ணத்தை அது சரிசெய்துவிடும் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இவ்வளவுக்குப் பிறகும் என் அம்மா அடிச்சட்டியில் காய்கறி தேட வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். படத்தில் உணவாகக் காட்டுவது பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும், காட்டிய அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படமே வேண்டாம். படத்தால் வலியுறுத்தும் பொருளின் சதவீதத்தைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் தரநிலையிலேயே இருக்கிறது. அந்த எண்ணைப் பின்பக்கத்தில் ஒளிக்காமல் படத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். ஆனால் எண்ணும் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான். அம்மாவைப் போன்றவர்களுக்குப் படம்தான் லேபிள். அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்.

எங்கு பார்த்தாலும் இதே கதைதான். விளம்பரத்தின் கடைசி இரண்டு நொடியில் மூச்சுவிடாமல் நிபந்தனைகளை வாசிக்கிறார்கள். ஒப்பந்தத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிறிதாக அதை மறுப்பது இன்று ஒரு தொழில்முறையாகிவிட்டது. அதெல்லாம் உங்கள் கையில் இல்லை, தெரியும். உணவுப் பாக்கெட் உங்கள் கையில் இருக்கிறது.

படத்தில் இருப்பது பாக்கெட்டுக்குள் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் காலிப் பாக்கெட்டை அம்மா கழுவிக் காயவைத்துப் பையில் வைத்திருக்கிறார். அடுத்த முறை கடையில் அந்தப் படத்தைக் காட்டி, இது வேண்டாம் என்று சொல்வதற்கு.

நன்றியுடன்,
அவருடைய மகள்