எஃபெக்ட் கெடுவது எடிட்டிங்கில் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் சினிமா பாணி எஃபெக்ட்ஸ் செய்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதோடு அது நின்றுவிட்டது. இன்று கருவிக்குப் பஞ்சமே இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே எஃபெக்ட்ஸ் செய்வதற்கான ஃப்யூஷன் பகுதி இருக்கிறது. முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் பிளெண்டர் முழுக்க இலவசம். கேடென்லைவ், ஷாட்கட் போன்றவற்றிலும் பச்சையை நீக்கும் வசதி, மாஸ்க் (காட்சியின் ஒரு பகுதியை மட்டும் வரைந்து பிரிப்பது), கீஃப்ரேம் (அசைவின் நிலைகளை அங்கங்கே குறித்துவைப்பது) எல்லாம் உண்டு. இத்தனை இருந்தும் வீட்டில் செய்த காட்சி வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் படம்பிடித்த விதம்தான். கட்டுரை தொடாத அந்தப் பாதியைப் பற்றி எழுதத் தோன்றியது.

பச்சைத் திரையையே எடுத்துக்கொள்வோம்: பச்சைத் துணியின் முன் ஆளை எடுத்து, பிறகு பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பது. ஆளைத் துணியை ஒட்டி நிற்கவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. துணியில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி தோளிலும் காதோரத்திலும் தலைமுடியிலும் படிந்துவிடும். அதை நீக்கப் போனால் முடியும் சேர்ந்து போகும். ஆளுக்கும் துணிக்கும் நடுவே குறைந்தது ஆறடி வேண்டும், இடமிருந்தால் எட்டடி. துணிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்கு, முகத்துக்குத் தனி விளக்கு. துணிக்கு வைத்த விளக்கை முகத்துக்கும் பங்குபோட்டால் இரண்டுமே கெடும்.

ஒளி சீராக இருக்கிறதா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது. பத்து விநாடி எடுத்துக் கணினியில் போட்டு, காட்சியின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பை மென்பொருளில் திறந்து பாருங்கள். துணி ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் நல்லது. பட்டையாகத் தடித்தோ ஒரு பக்கம் சரிந்தோ இருந்தால் விளக்கை நகர்த்த வேண்டும். துணியில் மடிப்பு இருந்தால் அந்தக் கோட்டில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் பின்னால் கீ எடுக்கும்போது, அதாவது மென்பொருளில் பச்சையை நீக்கும்போது, ஓர் ஓட்டையாக வந்து நிற்கும். துணியை இஸ்திரி போட்டு, நாலு பக்கமும் கிளிப் மாட்டி இழுத்துக் கட்டுவது அலங்காரத்துக்காக அல்ல.

முடியின் ஓரம் படிக்கட்டுபோல் நறுக்கென்று தெரிவதற்கு வேறொரு காரணம் உண்டு. பெரும்பாலான போன்கள் நிறத் தகவலைக் குறைத்துப் பதியும் 4:2:0 முறையில் பதிகின்றன. 1920×1080 காட்சியில் வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்ஸலுக்கும் பதிவாகும். நிறமோ 960×540 அளவில்தான் பதிவாகும். பச்சையை நீக்கும் கருவி நிறத்தை வைத்து வேலை செய்வதால், அதன் கையில் இருப்பது நாலில் ஒரு பங்குத் தகவல் மட்டுமே. இதற்குக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. 3840×2160-இல் எடுங்கள், 1080 அளவுக்குச் சுருக்கிய பிறகு கீ எடுங்கள். அப்போது இறுதிக் காட்சியின் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் ஒரு நிறத் தகவல் கிடைத்துவிடும். விலைகூடிய மென்பொருளுக்கு மாறுவதைவிட இந்த ஒரு மாற்றம் முடியோரத்தில் அதிகமாகத் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

கீ எடுக்கும்போது முதலில் ஆளைச் சுற்றித் தாராளமாக ஒரு மாஸ்க் போட்டு, விளக்குத் தண்டு, துணியின் ஓரம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுங்கள். பிறகு எது தங்கும், எது நீங்கும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் பார்வைக்கு மாற்றிப் பாருங்கள். ஆள் முழு வெள்ளையாகவும் பின்னணி முழுக் கறுப்பாகவும் இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஒரே ஸ்லைடரைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். உடம்புக்குள் இருக்கும் சாம்பல் ஓட்டை அடையும் நேரத்தில் முடியோரமும் தட்டையாகிவிடுகிறது. ஒரே கிளிப்பை இரண்டு லேயராக வையுங்கள். அடியிலுள்ளதில் முடிக்கு ஏற்ற மென்மையான கீ. மேலே உள்ளதில் இறுக்கமான கீ போட்டு, அதன் ஓரத்தைச் சில பிக்ஸல் உள்ளே சுருக்குங்கள். ஓட்டையை மேல் லேயர் அடைக்கும், ஓரத்தைக் கீழ் லேயர் காக்கும். பச்சைப் படிவு நீக்கம் இதற்குப் பிறகு. நிறம் பொருத்துவது அதற்கும் பிறகு.

ஷட்டரைத் தானியங்கியில் விடாதீர்கள். விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும்போது வழக்கமான ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரம், 1/50 விநாடி. கை வீசும் காட்சியில் விரல்கள் கலங்கிப் பச்சையோடு கலந்துவிடும் என்பதால் பச்சைத் திரைக்கு 1/100 நல்லது; அசைவின் கலங்கலைப் பிறகு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் இந்த இரண்டு வேகத்திலும் விளக்கு மினுக்காது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. போனில் எடுத்த கிளிப்பின் ஃப்ரேம் வேகம் பல நேரம் நிலையாக இருப்பதில்லை. ஒலியும் உதடும் மெல்ல மெல்ல விலகிப் போனால் அதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும்.

இரட்டை வேடக் காட்சிக்கு மென்பொருளில் ஒரே ஒரு மாஸ்க் போதும். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியைத் திறந்து எடுத்தார்கள். தத்துவம் இன்றும் அதேதான். போன் டிரைபாடில் அசையாமல் இருக்க வேண்டும். வெளிச்சம், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், அது இயங்கினால் அசையாத போனிலும் சட்டகம் இலேசாக நகரலாம். ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே போனைத் தொடாமல் ரெகார்டிங்கை ஓடவிடுங்கள். ஆளே இல்லாத அறையையும் பத்து விநாடி எடுத்துவையுங்கள். ஏதாவது பிசகினால் ஒட்டுப்போட அந்தக் காலி அறைதான் கைகொடுக்கும். மாஸ்க்கின் கோட்டைக் கதவுச் சட்டம் போன்ற நேர்க்கோட்டின் மேல் வைத்து, ஓரத்தை 20 முதல் 40 பிக்ஸல் வரை மென்மையாக்கினால் ஒட்டு தெரியாது. ஆள் மட்டுமல்ல, அவர் நிழலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஜன்னல் வெயிலில் எடுத்தால், இரண்டாவது டேக் முடிவதற்குள் வெயில் நகர்ந்து நிழலும் இடம் மாறியிருக்கும்.

தீ, புகைக் காட்சிகளுக்குக் கறுப்புப் பின்னணியில் எடுத்த கிளிப்பை, கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தங்கும் ஸ்கிரீன் முறையில் மேலே போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுற்றிலும் சாம்பல் கட்டம் தெரிந்தால் அந்தக் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை என்று பொருள். வெளிச்ச அளவைத் திருத்தும் கர்வ்ஸில் அதன் அடிப்பகுதியை இறக்குங்கள். வெளுத்த வானத்தின் முன் இந்த முறையில் தீ எரியாது, வெள்ளையோடு எதைச் சேர்த்தாலும் வெள்ளைதான். நடிப்பவரின் முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம் அலைபாயாவிட்டால் எவ்வளவு நல்ல தீயும் காகிதத் தீதான். படம்பிடிக்கும்போதே ஆரஞ்சுத் தாள் போர்த்திய விளக்கின் முன் கையை அசைத்து அதைக் கொண்டுவர வேண்டும்.

ஒளிரும் வாளில் நிறத்தை வாளின் நடுவிலேயே பூசிவிடுகிறார்கள். மிகப் பிரகாசமான பொருள் கேமராவில் வெள்ளையாகத்தான் விழும். அதைச் சுற்றிய ஒளிவட்டத்தில்தான் நிறம் தங்கும். ஆகவே நடிப்பவர் வாளாகப் பிடித்திருக்கும் குச்சியின் மேல் வெள்ளை மாஸ்க் போட்டு, அதன் மூன்று நகல்களை ஏறத்தாழ 5, 20, 60 பிக்ஸல் என்று கலங்கவைத்து, நிறம் கொடுத்து ஸ்கிரீன் முறையில் அடுக்குங்கள். மெதுவான அசைவுக்கு ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் போதும். வேகமாக வீசும் இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கை வைத்தாக வேண்டும். குச்சி விசிறிபோல் கலங்கியிருந்தால் மாஸ்க்கும் விசிறி வடிவமே. பத்து விநாடிக் காட்சி 250 ஃப்ரேம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கடினமானதல்ல.

கடைசியில் பின்னணியைப் பொருத்தும்போது அடிவானத்தைப் பாருங்கள். சமதரையில் எடுத்த காட்சியில் அடிவானம் லென்ஸின் உயரத்தில்தான் ஆளைக் கடக்கும். ஆளை மார்பு உயரத்திலிருந்து எடுத்துவிட்டு, மாடியிலிருந்து எடுத்த கடற்கரையை அவருக்குப் பின்னால் வைத்தால், நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் அவர் அங்கே நிற்கமாட்டார். அடுத்தது இருட்டுப் பகுதிகள். பின்னணியின் கறுப்பு சற்று வெளுத்திருந்தால் ஆளின் கறுப்பையும் அதே அளவுக்கு உயர்த்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சீரான மெல்லிய கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவதுபோன்ற நுண்புள்ளிகள்) தூவினால் இரண்டு காட்சிகளும் ஒரே கேமராவில் எடுத்தவைபோல் இணையும்.

இந்தத் தலைப்பில் மறுபடியும் எழுதுவதாக இருந்தால், மென்பொருள் பட்டியலுக்குப் பதிலாக இரண்டு வேவ்ஃபார்ம் படங்களை அருகருகே அச்சிடுங்கள்: இழுத்துக் கட்டிய துணியில் ஒன்று, கசங்கிய துணியில் ஒன்று. பக்கத்திலேயே அந்தந்தத் துணியில் எடுத்த கீயின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்